கண்ணின் பலகணி

மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனைக் கழற்றி வைத்துவிட விரும்புவது புதிய ஆசையன்று. மழையில் அது நனைகிறது. வெயிலில் வியர்வையோடு வழுகுகிறது. சூடான தேநீரை வாயருகே கொண்டுசென்றால் ஆவி படிந்து உலகமே மறைந்துபோகிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் பெண்பிள்ளைகளும், கலியாணப் பேச்சு எழும்போது, “கண்ணாடி போட்ட பிள்ளையா?” என்ற ஒரு கேள்விக்குக் கூசி நிற்கின்றனர். இத்தகையோருக்கு லேசர்ச் சிகிச்சை ஒரு பெரும் வரமாகவே வந்தது. சில நிமிட நேரச் சிகிச்சை. மறுநாட் காலையில் கண்ணாடியின்றிச் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கலாம். வேறெந்தச் சத்திர சிகிச்சை இத்துணை விரைவில் இத்துணை மகிழ்ச்சியைத் தருகிறது?

ஆயினும் வரங்கள் யாவற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்பு எங்கே இருக்கிறது என்பதை விளக்க, ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். தாயும் இரு புதல்வியரும் உள்ள குடும்பம் அது. மூத்தவள் மூன்றாண்டுகளுக்கு முன் லேசர்ச் சிகிச்சை செய்துகொண்டவள். அண்மைக் காலமாக இரவில் வாகன விளக்குகள் அவளுக்கு வாலுள்ள வெள்ளிகள்போல் நீண்டு தெரிகின்றன. வகுப்பறைக் கரும்பலகையின் எழுத்துக்கள் இரட்டையாக நிழல் விழுத்துகின்றன. “பழைய நம்பர் கொஞ்சம் திரும்பி வந்திருக்கும். இன்னொரு முறை லேசர் வைத்தாற் சரியாகிவிடும்” என்று தாய் எண்ணுகிறாள். இளையவளுக்கு வயது இருபத்தொன்று. ஆண்டுக்கு இரு முறை அவளது கண்ணாடி மாறுகிறது. அவளுக்கும் அதே சிகிச்சையைச் செய்வித்துவிட்டால் கவலை தீரும் என்று இருவரையும் அழைத்துக்கொண்டு தாய் கண் வைத்தியரிடம் செல்கிறாள். வைத்தியர் இருவரையும் நெடுநேரம் சோதித்தபின், “அம்மா, இரண்டு பிள்ளைகளுக்கும் லேசர் செய்யக்கூடாது” என்று கூறுகிறார். தாய் திகைத்துப் போகிறாள். அவளுடைய திகைப்புக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் வளைந்து, தெளிந்து நிற்கும் படலத்துக்கு விழிவெண்படலம் என்று பெயர். கண்ணாகிய வீட்டுக்கு அதுவே பலகணி. அதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். அதாவது, மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒரு மைக்ரோன் எனக் கொண்டால், சராசரியாக 540 மைக்ரோன் அளவாகும். இந்த மெல்லிய படலத்தில் இரத்தக் குழாய் ஒன்றேனும் இல்லை. தனக்கு வேண்டிய ஒட்சிசனில் பெரும்பகுதியைக் கண்ணீரின் வழியாக வெளிக்காற்றிலிருந்தே அது பெறுகிறது. ஒளியை வளைத்து விழித்திரையிற் குவிக்கும் வேலையில் மூன்றில் இரு பங்கைச் செய்வது கண்ணுள் இருக்கும் வில்லையன்று, இப்படலமே.

இதன் வெளிப்புறத்தில் மேலணி என்னும் மெல்லிய தோல் போன்ற படை உண்டு. அது சுரண்டப்பட்டாற் சில நாட்களில் மீண்டும் வளர்ந்துவிடும். அதன் கீழே, தடிப்பில் பத்தில் ஒன்பது பங்காக இருப்பது நடுப்படை. கொலாஜன் என்னும் புரத நார்கள் பாயில் ஓலைகள் அடுக்கப்பட்டாற்போல் அங்கே ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. கண்ணின் உள்ளே இருக்கும் திரவத்தின் அமுக்கத்தைத் தாங்கி நின்று, படலம் தன் வளைவை இழக்காமற் காப்பது அந்நார்களின் வலிமையே. நடுப்படையில் ஒருமுறை செதுக்கி எடுக்கப்பட்டது மீண்டும் வளர்வதில்லை. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால் மற்றவை யாவும் விளங்கும்.

படலத்தின் வளைவை மாற்றினாற் பார்வையையும் மாற்றலாம் என்ற எண்ணத்தை 1949 ஆம் ஆண்டிலேயே செயலுக்குக் கொணர முயன்றவர், கொலம்பியா தேசத்தின் பொகோட்டா நகரிற் பணியாற்றிய ஹொசே பராக்கர் என்னும் வைத்தியர். ஆனால் கத்தியும் கடைசற்பொறியும் அத்துணை நுண்ணிய வேலைக்குப் போதா. வேண்டிய கருவி பின்னொரு நாளில் எதிர்பாராத இடத்திற் கிடைத்தது. 1929 ஆம் ஆண்டிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, ஐக்கிய அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த இரங்கசாமி ஸ்ரீநிவாசன் என்னும் இரசாயன அறிஞர், 1981 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சித் துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். அதன்மேல் எக்சைமர் என்னும் லேசரின் கழியூதாக் கதிரைச் செலுத்தினர். சாதாரண லேசர் பட்ட இடம் கருகியது. 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள அக்கழியூதாக் கதிர் பட்ட இடமோ, அயலிற் சூட்டின் சுவடு இன்றிச் சுத்தமாகச் செதுக்கப்பட்டிருந்தது. ஸ்ரீநிவாசனும் அவருடைய தோழர்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் ஆகிய இருவரும் கண்ட இவ்வுண்மையே பின்னைய சிகிச்சைகளுக்கெல்லாம் வித்தாயிற்று.

நியூ யோர்க் நகரக் கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கல், ஸ்ரீநிவாசனோடு சேர்ந்து, இக்கதிரைக் கொண்டு விழிவெண்படலத்தைச் செதுக்கலாம் என்று 1983 ஆம் ஆண்டில் எழுதினார். 1988 ஆம் ஆண்டில் மார்கரெட் மக்டொனல்ட் என்னும் பெண் வைத்தியர் பார்வையுள்ள மனிதக் கண்ணில் அதனைச் செய்தார். 1990 ஆம் ஆண்டளவில் கிரேக்க தேசத்துக் கிரீற் தீவைச் சேர்ந்த யோவான்னிஸ் பல்லிக்காரிஸ் என்பவர், படலத்தின் மேற்பகுதியை ஒரு மடலாக அறுத்துத் திறந்து, உள்ளே லேசராற் செதுக்கி, மடலை மீண்டும் மூடும் முறையை வகுத்தார். அதுவே இன்று லாசிக் என வழங்குவது. உலகெங்கும் கோடிக்கணக்கான கண்களில் அது செய்யப்பட்டுள்ளது. பெரும்பாலோர் நலமடைந்தனர். செய்துகொண்டோருள் மிகப் பலர் மனநிறைவோடு இருக்கின்றனர் என்பதை முதலிற் கூறுவதே நீதி.

அரிதாக வரும் இடர்கள் பலவகைப்பட்டவை. அவற்றுட் சில சிகிச்சை முடிந்த மறுநாளிலேயே தோன்றுவன. மடலுக்கும் அடிப்படைக்கும் இடையிலுள்ள வெளியில் வெள்ளணுக்கள் வந்து குவிந்து, பாலைவன மணலை அலை அலையாகப் பரப்பினாற்போன்ற தோற்றத்தைத் தருவது ஒன்று. அதனால் மேனாட்டு வைத்தியர் அதனைச் “சகாரா மணல்” என்று அழைக்கின்றனர். இது கிருமியால் வருவதன்று, வெறும் அழற்சி. ஸ்டீரொயிட் என்னும் துளிமருந்தை அடிக்கடி விட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். கடுமையாயின் மடலைத் தூக்கிக் கழுவ வேண்டிவரும். கவனியாது விட்டாற் படலம் கரைந்து வடுப்படவும் கூடும்.

இங்கே வைத்தியரின் மதிநுட்பம் சோதனைக்கு உள்ளாகிறது. ஏனெனில் இதே தோற்றத்தோடு வேறொரு நோயும் வருவதுண்டு. சிலருடைய கண்ணில் அந்த ஸ்டீரொயிட் மருந்தே கண்ணமுக்கத்தை உயர்த்திவிடும். உயர்ந்த அமுக்கத்தால் நீர் கசிந்து மடலின் கீழே தேங்கும். கண் மங்கலாகும். அமுக்கத்தை அளக்கும் கருவியோ, தேங்கிய நீரின்மேல் அழுத்துவதால், அமுக்கம் குறைவு என்று பொய் கூறும். அழற்சிதான் மிகுந்துவிட்டது என்று மயங்கி மருந்தை மேலும் கூட்டினால், கண்ணின் நரம்பே கெட்டுவிடும். முன்னையதற்கு மருந்தைக் கூட்டவேண்டும். பின்னையதற்கு மருந்தை நிறுத்தவேண்டும். முன்னையது பெரும்பாலும் முதலிரு நாட்களிலும், பின்னையது சில நாட்களோ வாரங்களோ கழிந்தும் தோன்றும் என்பதே வைத்தியருக்குக் கிடைக்கும் முதற் குறிப்பு. மூன்றாவதாக, மெய்யான கிருமித் தொற்றும் உண்டு. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த சில பற்றீரியாக்கள் சில வாரங்கள் பதுங்கியிருந்து பின்னரே தலைகாட்டும். குறித்த நாளிற் சோதனைக்கு வருமாறு வைத்தியர் வற்புறுத்துவதன் காரணம் இப்பொழுது விளங்கும். பார்வை நன்றாயிருக்கிறதென்று அந்நாளைத் தவறவிடுவோர், காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பவரை ஒப்பர்.

மடலின் விளிம்பு ஆறிவிட்டாலும் அதன் நடுப்பகுதி பழைய உறுதியோடு ஒட்டுவதில்லை. ஆண்டுகள் பல கடந்தபின்னும் கண்ணிற் பட்ட பலத்த அடியினால் மடல் நகர்ந்த செய்திகள் வைத்திய ஏடுகளில் உண்டு. மேலணியின் உயிரணுக்கள் மடலின் கீழே வழிதவறி வளர்வதும் உண்டு. அது மடலை மறுமுறை தூக்கிய கண்களில் அதிகம். படலத்திலுள்ள நுண்ணிய நரம்புகள் அறுபடுவதாற் பலருக்குச் சில மாதங்கள் கண் உலர்ந்திருக்கும். அது அரிதன்று, பெரும்பாலும் மாறிவிடுவது. மிகச் சிலருக்கோ, கண்ணைப் பார்த்தால் யாதொரு குறையும் தெரியாதிருக்க, நரம்பின் நோவு மட்டும் நீங்காது நிலைத்துவிடுகிறது. புறத்தே தெரியாத நோவு ஆதலின், “உனக்கு ஒன்றுமில்லை” என்று பிறர் சொல்லும் சொல்லையும் சேர்த்து அவர்கள் தாங்கவேண்டியிருக்கிறது.

மேற்கூறிய எல்லாவற்றிலும் ஆழ்ந்த கேடு ஒன்று உண்டு. அதுவே உதாரணக் குடும்பத்தின் மூத்த மகளுக்கு வந்தது. மெலிந்துபோன படலம், உள்ளிருக்கும் அமுக்கத்தைத் தாங்கமாட்டாமல், மெல்ல மெல்ல முன்னோக்கிப் பிதுங்குகிறது. பள்ளிப் பிள்ளையும் செய்யக்கூடிய ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். கிட்டப்பார்வையின் ஒவ்வொரு டயொப்டருக்கும், ஆறு மில்லிமீற்றர் அகலத்திற் செதுக்குவதாயின், ஏறக்குறைய 12 மைக்ரோன் நீக்கப்படவேண்டும். படலத்தின் தடிப்பு 550 மைக்ரோன், மடல் 110, குறைபாடு 4 டயொப்டர் என்று கொள்க. செதுக்குவது 48, எஞ்சுவது 392. இது பாதுகாப்பான கண். வேறொருவருக்குத் தடிப்பு 480, மடல் 160, குறைபாடு 9 டயொப்டர் என்று கொள்க. செதுக்குவது 108, எஞ்சுவது 212. மடலின் கீழே 250 மைக்ரோனாவது எஞ்சவேண்டும் என்பது வைத்தியர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட எல்லை. இரண்டாமவரின் கண் அந்த எல்லையைக் கடந்துவிட்டது. மடல் மூடப்பட்டுவிட்டதே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. அறுபட்ட மடல் பார்வைக்குப் பயன்படும், பாரந்தாங்கப் பயன்படாது.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. தடிப்பான சுவராயினும் உள்ளே செங்கல் உக்கியிருந்தால் வீடு நில்லாதன்றோ? கூம்புவிழி என்றொரு நோய் உண்டு. இளமையிலே தொடங்கி, படலம் தானாகவே மெலிந்து கூம்புபோலப் பிதுங்கும் நோய் அது. குடும்பத்திற் பரவும் இயல்பும் அதற்கு உண்டு. கண்ணை ஓயாது கசக்குவது அதனை வளர்க்கும். இங்கிலாந்திற் செய்யப்பட்ட ஆய்வுகளில், அங்கு வாழும் வெள்ளையரைவிடத் தென்னாசிய வம்சத்தினரிடையே இந்நோய் பன்மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே இது நம் நாட்டவர் கருத்தூன்றிக் கேட்கவேண்டிய செய்தியாகும். இந்நோயின் முளைப்பருவத்திற் கண்ணாடியோடு பார்வை தெளிவாகவே இருக்கும். படலத்தின் மேடுபள்ளங்களை வண்ணப் படமாக வரைந்து காட்டும் கருவியே அதனைக் கண்டுபிடிக்கும். அந்நிலையிலுள்ள கண்ணில் லேசர் வைத்தால், உறங்கும் நோயைத் தட்டியெழுப்பியதாகும்.

உதாரணக் குடும்பத்தின் இளைய மகளின் வண்ணப் படத்தில், படலத்தின் கீழ்ப்பாதி மேற்பாதியினும் செங்குத்தாக வளைந்திருந்தது. ஆண்டுக்கு இரு முறை கண்ணாடி மாறியதன் காரணம் அதுவே. மூத்தவளின் படத்திலோ பிதுக்கம் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. தாய் எண்ணியதுபோலப் பழைய குறைபாடு திரும்பி வந்ததாக நம்பி மறுபடியும் செதுக்கியிருந்தால், சாயும் சுவரிலிருந்து மேலும் இரு செங்கல்லை உருவியதாக முடிந்திருக்கும். “அப்படியானால் மூன்று வருடத்துக்கு முன் இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை, டொக்டர்?” என்று தாய் கேட்பாள். கேட்பது நியாயமே. அளவுகள் யாவும் ஒழுங்காயிருந்த கண்களிலும் இவ்விடர் வந்ததுண்டு என்பது ஒரு விடை. அளவுகள் ஒழுங்காக எடுக்கப்படாமையும் உண்டு என்பது மற்றொரு விடை. எது மெய் என்பதைப் பழைய பதிவேடு இருந்தாலன்றி ஒருவராலும் கூறவியலாது.

இப்பிதுக்கம் அரியது. ஆய்வறிக்கைகள் கூறும் அளவுகள் வேறுபடினும், நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்குக் கீழேயே அவை நிற்கின்றன. ஆயினும் அந்த ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறாகும். இதனை மறைக்காது உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதல்வர், ஜேர்மனி தேசத்துத் தியோ சைலர் என்னும் வைத்தியப் பேராசிரியர். எக்சைமர் லேசரை மனிதக் கண்ணில் முதன்முதலாகக் கையாண்டோருள் அவரும் ஒருவர். தாம் வளர்த்த சிகிச்சையின் வெற்றியை ஊரெல்லாம் பாராட்டிக்கொண்டிருந்த வேளையில், லாசிக் சிகிச்சைக்குப்பின் படலம் பிதுங்கிய நோயாளரைப் பற்றி 1998 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். எழுதியதோடு நில்லாது, பரிகாரம் தேடுவதிலும் ஈடுபட்டார். ட்றெஸ்டன் நகரில் அவரும் எபர்ஹாட் ஸ்பேர்ல், கிரெகோர் வொல்லென்சாக் ஆகியோரும் கண்ட முறை 2003 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ரைபோபிளேவின் எனப்படும் பி2 உயிர்ச்சத்தைத் துளித்துளியாகப் படலத்தில் ஊறவிட்டு, அதன்மேற் கழியூதா ஒளியை அரைமணி நேரம் பாய்ச்சுவர். அப்பொழுது கொலாஜன் நார்களுக்கிடையே புதிய பிணைப்புக்கள் உண்டாகிப் படலம் இறுகுகிறது. ஐக்கிய அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிருவாகம் 2016 ஆம் ஆண்டில் அதனை அங்கீகரித்தது. செதுக்கியதும் கழியூதாக் கதிர், இறுக்கியதும் கழியூதாக் கதிர், அலைநீளம்தான் வேறு.

இச்சிகிச்சை பிதுக்கத்தை நிறுத்துமேயன்றி, இழந்த வடிவத்தை முழுதும் மீட்டுத் தராது. எனவே காலமே இங்கு பெரிது. முன்னதாகக் கண்டால் கூடிய பார்வையைக் காக்கலாம். எஞ்சிய குறையைக் கடினமான தொடுவில்லைகள் பெரும்பாலும் சீர்செய்யும். அவையும் உதவாத நிலையில், இறந்தவர் ஒருவரின் விழிவெண்படலத்தைப் பெற்றுப் பொருத்துவதே இறுதி வழி. அவ்வழியை 1905 ஆம் ஆண்டில் எட்வர்ட் சிர்ம் என்னும் வைத்தியர் முதன்முதல் வெற்றியோடு திறந்துவைத்தார். இலங்கைக்கு இதில் ஒரு தனிப்பெருமை உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 ஆம் ஆண்டில் நிறுவிய கண்தானச் சங்கம், 1964 ஆம் ஆண்டிற் சிங்கப்பூருக்குக் கண்ணை அனுப்பத் தொடங்கி, பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பார்வை வழங்கியது. இங்கு ஒரு செய்தியைச் சேர்த்துக் கூறவேண்டும். லேசராற் செதுக்கப்பட்ட படலத்தை முழுமையாக மற்றொருவருக்குப் பொருத்துவதற்குக் கண்வங்கிகள் பொதுவாக ஏற்பதில்லை. அதன் உட்படையை மட்டும் பயன்படுத்தலாம். ஆகையால் லேசர் செய்துகொண்டவரும் கண்தானம் செய்யலாம். சிகிச்சை செய்துகொண்டமையை அறிவித்துவிடவேண்டும்.

இனி, லேசர்ச் சிகிச்சையை நாடுவோர் செய்யவேண்டியன சில. கண்ணாடியின் அளவு ஓராண்டுக் காலமாவது மாறாது நிற்கவேண்டும். தொடுவில்லை அணிவோர், அளவெடுக்கு முன் வைத்தியர் குறிக்கும் காலம்வரை அதனைக் கழற்றி வைக்கவேண்டும்; வில்லை அழுத்திய படலம் தன் மெய்வடிவைக் காட்டாது. குடும்பத்தில் எவருக்கேனும் கூம்புவிழி இருப்பின் மறையாது சொல்லவேண்டும். கண் கசக்கும் பழக்கத்தையும் சொல்லவேண்டும். வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கூசாது கேட்கலாம்: படலத்தின் தடிப்பு எவ்வளவு? செதுக்கியபின் எஞ்சுவது எவ்வளவு? வண்ணப் படம் ஒழுங்காக உள்ளதா? இம்மூன்றுக்கும் எண்களோடு விடை கூறும் வைத்தியரை நம்பலாம். மடலின்றிச் செய்யும் முறைகளும் உண்டு. எனினும் அவையும் படலத்தை மெலியச் செய்வனவே, கேள்விகள் மாறா.

சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளின் பிரதியைப் பெற்று, பிறப்புச் சான்றிதழைப் பேணுவதுபோலப் பேணவேண்டும். முதுமையிற் கண்புரை நீக்கிப் புதிய வில்லை வைக்கும் வைத்தியருக்கு அவ்வளவுகள் பேருதவியாகும். மெலிந்த படலத்திற் கண்ணமுக்கம் உண்மையினும் குறைவாகவே அளவிடப்படும் என்பதையும் அவர் அறியவேண்டும்.

உதாரணக் குடும்பத்தின் மூத்தவளுக்குப் படலத்தை இறுக்கும் சிகிச்சை செய்து, கடின வில்லை அணிவித்தனர் என்று கொள்வோம். அவள் மீண்டும் கரும்பலகையைத் தெளிவாகப் பார்க்கிறாள். இளையவளின் கண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியர் படம் பிடித்துப் பார்க்கிறார். அவள் கண்ணைக் கசக்குவதை விட்டுவிட்டாள்; கண்ணாடியை விடவில்லை. “கண்ணாடி போட்ட பிள்ளையா?” என்று இனி எவரேனும் கேட்டால், “ஓம், கண்ணை நன்றாக வைத்திருக்கிற பிள்ளை” என்று தாய் கூசாமல் விடை சொல்லலாம். செய்யத்தக்கது இது என்று கூறுவதற்கு அறிவு வேண்டும். செய்யத்தகாதது இது என்று, காசோடு வந்து நிற்பவரிடம் கூறுவதற்கு அறிவோடு நேர்மையும் வேண்டும். அவ்வாறு “வேண்டாம்” என்று சொல்லும் வைத்தியரை விட்டு, “செய்யலாம்” என்று சொல்லும் வேறொருவரைத் தேடிச் செல்லாதிருப்பதே நோயாளர் தம் கண்ணுக்குச் செய்யும் முதல் உதவி.